படத்துக்குள்ள போன கரண்ட்டு

என் தங்கச்சி பாடின படத்தைப் பத்திச் சொல்லப் போறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுன்னு யாராவது வாயைத் திறந்தீங்கன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிடலாம். நான் புகழ வரல, நடந்ததைச் சொல்ல வந்திருக்கேன். அது புகழ்ச்சி மாதிரி கேட்டா அதுக்கு நானா பொறுப்பு?

எனக்கு பஸ் ஷெட்டுல சீட் தைக்கிற வேலை. கிழிஞ்ச சீட்டு, பேனாவால காதல் எழுதின சீட்டு, எல்லாம் என் மெஷினுக்குத்தான் வரும். சாப்பாட்டு நேரத்துல மொத்த ஷெட்டும் என் ரூம்லதான் கூடும், ஏன்னா மெத்தைன்னு ஒண்ணு இருக்கறது அங்க மட்டும்தான். சுவத்துல வெள்ளை ரெக்சினை இழுத்துக் கட்டியிருக்கோம். யாரோ வேணாம்னு தூக்கிப்போட்ட ப்ரொஜெக்டருக்கு எங்க எலக்ட்ரீஷியன் அண்ணன் உயிர் கொடுத்தாரு. சத்தத்துக்குப் பழைய பஸ்ஸுல கழட்டின ஸ்பீக்கருங்க. அதுல நாங்க பாக்கறது ராக் கச்சேரிப் படம் மட்டும்தான். கதைப் படம் போட்டா பாதியில மணி அடிச்சிடும், அப்புறம் யார் யாரைக் கட்டிக்கிட்டாங்கன்னு சாயங்காலம் வரைக்கும் சண்டை. கச்சேரிப் படத்துல அந்தத் தொல்லை இல்ல.

பாத்ததையே பாப்போம். மழையில பாதி ஜனம் ஓடிப்போக, மிச்சம் நின்னவங்களுக்காக தொண்டை கிழியப் பாடின ஒருத்தன் படம் இருக்கு. கால்ல கட்டோட ஸ்டூல்ல உக்காந்து கிட்டார் வாசிக்கிற ஒரு அம்மா படம் இருக்கு. அந்தம்மா ஆவேசத்துல எந்திரிச்சு நின்னுட்டு, அப்புறம் "ஐயோ, கால்"னு ஞாபகம் வந்து உக்காருவாங்க பாருங்க, அந்த இடத்துக்காகவே வெல்டர் அக்கா மாசத்துக்கு ஒரு தடவை அதைக் கேட்டு வாங்கும். எந்தப் படம் நிக்கும், எது போகும்னு எங்களுக்கு ஒரே சட்டம்தான். மணி அடிக்கும்போது ஒருத்தராவது "இரு, இந்தப் பாட்டு முடியட்டும்"னு சொல்லணும். யாரும் சொல்லலைன்னா படம் அவுட்டு, மறுபடி போட மாட்டோம். ஆனா யார் கெஞ்சினாலும் போர்மேன் கேக்க மாட்டாரு. அவருக்கு மணி அடிச்சா அடிச்சதுதான்.

இப்போ என் தங்கச்சி. பகல்ல பல் டாக்டர் கிளினிக்ல வாசல் மேஜையில உக்காந்து "அடுத்தது யாருங்க"ன்னு கூப்பிடற பொண்ணு. சாயங்காலமானா நாலு பேர் சேர்ந்த பேண்டுல பாடுவா. கண்ணைச் சுத்தி கரி அப்பிக்கிட்டு அவ மேடையில நின்னா பெத்த அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. மூடிக்கிடந்த ஸ்கேட்டிங் ஹால் ஒண்ணைப் பிடிச்சு, கெஞ்சி வாங்கின கேமராக்களை வச்சு, அவங்க கச்சேரியைப் படமாவே எடுத்தாங்க. நடுவுல கரண்ட் போச்சு. நான் முதல் வரிசையில நின்னேன், அதனால தெரியும். கிட்டார் செத்துப்போச்சு, மைக் செத்துப்போச்சு, ஹாலே குருடாயிடுச்சு. இவ நிறுத்தல. மைக்கில்லாம, வெறுங்குரல்ல, பாட்டைப் பிடிச்ச இடத்துலேருந்து பாடிக்கிட்டே இருந்தா. ட்ரம் வாசிக்கிறவன் குச்சியைக் கீழ வச்சுட்டு விரலால தட்டினான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

கேமரா பேட்டரியில ஓடினதால எல்லாம் பதிவாயிடுச்சு, அதை அப்படியே படத்துல வச்சிருந்தா. திரை முழுக்க இருட்டு, குரல் மட்டும். ஒரு சின்ன தியேட்டர்காரர் அடுத்த வாரம் போடறேன்னு ஒத்துக்கிட்டாரு, மறுநாள் சாயங்காலமே கடைசி காப்பி கொடுத்தாகணும். பாத்தவங்க எல்லாரும் ஒரே பல்லவி. "இருட்டை வெட்டிடு. அத்தனை நேரம் ஒண்ணும் தெரியலைன்னா ஜனம் எந்திரிச்சுப் போயிடும்."

"அக்கா, உங்க ஷெட்டுல போட்டுப் பாக்கறேன்"னா. "உங்க ஆளுங்களை மாதிரி கச்சேரிப் படம் பாத்தவங்க யாருமில்ல. இருட்டுல அவங்க உக்காந்திருந்தா வச்சுக்கறேன். எந்திரிச்சாங்கன்னா வெட்டிடறேன். ஆனா நான்தான் பாடினேன்னு சொல்லாத. இருட்டு வரும்னும் சொல்லாத. என் மேல சத்தியம்."

சத்தியம் பண்ணித் தொலைச்சேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துல கிளினிக் சட்டையோட வந்து கதவோரமா நின்னா. "என் தங்கச்சி, பல் ஆஸ்பத்திரில வேலை"ன்னு சொன்னேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் உடனே வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினாரு. அவரை உக்கார வச்சு, அவ கொண்டு வந்த, இருட்டு வர்ற பகுதியை ஓட விட்டேன்.

முதல் பாட்டுலயே வெல்டர் அக்கா சாப்பிடறதை நிறுத்திடுச்சு. "யாருடி இவ? தொண்டையா, இரும்பா?" போர்மேன் கால் தாளம் போட்டாரு. அவர் கால் தாளம் போட்டு நான் பாத்ததே இல்ல. எனக்குத் தலைகால் புரியல. வாயைத் தச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறம் இருட்டு வந்துச்சு.

எங்க ஆளுங்களைப் பத்தி ஒண்ணு மறந்துட்டேன். அவங்க முன்னாடி எது நின்னாலும், அது பஸ்ஸோ மிக்ஸியோ கடிகாரமோ, அடுத்த நொடி அதைக் கழட்டிடுவாங்க. "போச்சு!"ன்னு ஒரு குரல். மொத்த ரூமும் எந்திரிச்சுடுச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் ப்ளக்கைப் பிடுங்கிட்டாரு. வெல்டர் அக்கா டார்ச் அடிச்சுது. "யாரும் தொடாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே போர்மேன் முதல் ஆளா தொட்டாரு. ஸ்க்ரூ ஒவ்வொண்ணா கழண்டு அண்ணன் வாய்க்குள்ள போகுது. "உக்காருங்கய்யா, உக்காருங்க!"ன்னு நான் கத்தறேன், யார் காதுலயும் விழல. ஏன் உக்காரணும்னு சொல்ல முடியாம சத்தியம் வேற கழுத்தைப் பிடிக்குது. அந்த நேரம் பாத்து மணியும் அடிச்சுச்சு. ஒருத்தரும் "இந்தப் பாட்டு முடியட்டும்"னு சொல்லல.

கதவைப் பாத்தேன். "பாத்தியாக்கா, எந்திரிச்சுட்டாங்க"ன்னா தங்கச்சி. முகத்துல ரத்தமே இல்ல. திரும்பி நடந்துட்டா.

சத்தியமாவது ஒண்ணாவது! "அட அறிவுகெட்ட கூட்டமே! ப்ரொஜெக்டர் போகல! படத்துலதான் கரண்ட் போச்சு! அந்த இருட்டுல அந்தப் பொண்ணு பாடறா, அதைக் கேக்க விடாம எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டீங்க!"

எலக்ட்ரீஷியன் அண்ணன் வாயிலேருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவா எடுத்தாரு. "படத்துக்குள்ளயா போச்சு கரண்ட்டு?"

நான் வாசல் கேட்டுக்கு ஓடினேன். தங்கச்சி பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தா. "அவங்க சலிச்சுப்போயி எந்திரிக்கலடி. சரி பண்ண எந்திரிச்சாங்க. ரெண்டும் ஒண்ணா?"

"தியேட்டர்ல இருக்கறவங்களும் மெஷின் போச்சுன்னுதானேக்கா நினைப்பாங்க? எல்லாரும் சொன்னதுதான் சரி. நான்தான் பிடிவாதமா இருந்துட்டேன். போனதும் வெட்டிடறேன்."

அந்தக் குரலை நான் அவகிட்ட கேட்டதே இல்ல. சின்ன வயசுல பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டி "பொண்ணை வாயை மூடச் சொல்லுங்க"ன்னு சொன்னப்போகூட இன்னும் சத்தமாப் பாடினவ அவ. எனக்கு அழுகையும் வந்துச்சு, அவ கன்னத்துல ஒண்ணு வைக்கலாமான்னும் வந்துச்சு.

பின்னால செருப்புச் சத்தம். போர்மேன். மூச்சு வாங்குது மனுஷனுக்கு. "பாப்பா, அந்தப் படத்தை மறுபடி போடணும். முழுசாப் பாக்கல நாங்க."

"மணி அடிச்சாச்சே சார்"னேன்.

"எனக்குக் காது கேக்கும்மா"ன்னு சொல்லிட்டு அவர் பாட்டுக்குத் திரும்பி நடந்தாரு.

நாங்க போறதுக்குள்ள அண்ணன் எல்லாத்தையும் பூட்டி முடிச்சிருந்தாரு. ஒரு ஸ்க்ரூ மிச்சம். "இது முன்னாடியே தேவையில்லாம இருந்தது"ன்னு பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. எல்லாரும் உக்காந்தோம். தங்கச்சி உக்காரல, கதவோரமாவே நின்னா, எப்போ வேணா ஓடலாங்கற மாதிரி.

மறுபடி அந்தப் பாட்டு. மறுபடி இருட்டு. இந்தத் தடவை ஒருத்தரும் அசையல. ஆனா ஒண்ணும் கேக்கவும் இல்ல. மைக்கில்லாத குரல், மணி அடிச்சதால மத்தவங்க வேலையை ஆரம்பிச்சாச்சு, வெளியில காத்தடிக்கிற கம்ப்ரஸர் இரையுது, பக்கத்து பஸ் வரிசையில யாரோ தகரம் அடிக்கறாங்க. அவ குரல் அதுக்கடியில எங்கயோ மாட்டிக்கிச்சு. போர்மேன் எந்திரிச்சாரு. தங்கச்சி கண்ணை மூடிக்கிட்டா. அவர் எங்களைத் தாண்டி வெளியில போயிட்டாரு.

கம்ப்ரஸர் நின்னுச்சு. தகரம் நின்னுச்சு. எங்க தலைக்கு மேல ஓடின காத்தாடியைக்கூட யாரோ நிறுத்தினாங்க. பகல் நேரத்துல அந்த ஷெட்டு வாயை மூடி நான் கேட்டதே இல்லங்க.

அப்போ வந்துச்சு என் தங்கச்சி குரல். கிட்டார் இல்ல, ஒண்ணும் இல்ல. கொஞ்சம் நடுங்குச்சு, அப்புறம் நிமிந்துச்சு. ஹால்ல இருந்த ஜனம் ஒவ்வொருத்தரா கூடச் சேர்ந்தது கேட்டுச்சு. வெளியிலேருந்து ஆளுங்க ஸ்பேனரும் கையுமா வந்து வாசல்ல நின்னாங்க, ஏன்னு ஒருத்தரும் கேக்கல. வெல்டர் அக்கா என் கையைப் பிடிச்சுது, வலிக்கற மாதிரி.

படத்துல கரண்ட் வந்துடுச்சு. வெளிச்சம் கண்ணுல அடிச்சுச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன், வாழ்நாள் பூரா போன கரண்ட்டைத் திரும்பக் கொண்டுவர்றதே பிழைப்பா வச்சிருக்கற மனுஷன், ஆத்திரத்தோட சொன்னாரு: "சே! இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா இந்தக் கரண்ட்டு!"

எனக்கு அதுக்கு மேல தாங்கல. மெத்தை மேல ஏறி நின்னு, "என் தங்கச்சிங்க! பாடினது இவதான்! என் கூடப்பொறந்தவ!"ன்னு கத்தினேன். எல்லாரும் திரும்பி அந்தக் கிளினிக் சட்டையைப் பாத்தாங்க. அவ அழுதுக்கிட்டே சிரிச்சா.

வாசல் கேட்டு வரைக்கும் அவகூடப் போனேன். "இருட்டை வெட்டல"ன்னா.

"தியேட்டர்ல மெஷின் போச்சுன்னு எந்திரிச்சா?"

"எந்திரிக்கட்டும்க்கா. திரும்ப வந்து பாப்பாங்க."