மாடிப்படிக்குக் கீழே தொங்கிய பட்டம்

சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றும்போதே நெரிஸுக்கு ஈர வாடை அடித்தது. சட்டத்தின் பின்பலகை ஊறிப்போய் விரலில் ஒட்டியது. கண்ணாடிக்குள்ளே அவளுடைய பட்டச் சான்றிதழின் மேல்பாதி முழுக்கக் கறுப்புப் பூஞ்சை.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். நீத் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எழும்புகிற பள்ளிக்கூடக் கட்டடத்தில் உதவி மேலாளர். ஐம்பதை நெருங்கும் வயதில், பிள்ளைகள் இருவரும் வெளியூர் போன பிறகு, யார் தயவும் இல்லாமல் நேர்முகத்துக்குப் போய் வாங்கிய வேலை. ஆனால் சைட் கார்டு என்கிற அனுமதி அட்டையோ, அதற்கு விண்ணப்பித்த அத்தாட்சியோ இல்லாமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது. பாதுகாப்புத் தேர்வைப் பாஸ் செய்துவிட்டாள். மிச்சம் ஒன்றுதான்: கட்டடப் படிப்பில் பட்டம் வாங்கியவர்கள் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினால் படிப்பை வைத்தே கார்டு கொடுத்துவிடுவார்கள். அதைத் தேடவே வேண்டாம், தினமும் பார்ப்பதுதானே என்று கடைசி நாள்வரை சும்மா இருந்துவிட்டாள். தினமும் பார்க்கிற பொருளை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

அது தொங்கியது மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கழிவறையில். ஜன்னல் கிடையாது, ஒரு மங்கல் பல்பு, சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரம். பட்டத்தைக் கொண்டுபோய் அங்கே மாட்டுவார்களா என்று கேட்காதீர்கள். கூடத்தில் மாட்டினால் பெருமையடிக்கிறாள் என்பார்கள், கழிவறையில் மாட்டினால் அடக்கமானவள் என்பார்கள். என்ன அடக்கமோ!

மாட்டியவன் அவள் புருஷன் எமிர். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது தபாலில் வந்தது அந்தச் சான்றிதழ். "வர்றவங்க உக்காந்து படிக்க ஏதாவது வேணும்ல?" என்று ஆணியடித்தான். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கழிவறையிலிருந்து வெளியே வந்ததும், "உள்ள ஒரு பட்டதாரியப் பாத்தோம்!" என்பார்கள். முதலில் சிரிப்பது நெரிஸாகத்தான் இருக்கும். மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்தால் அவமானமாகத் தெரியும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. படித்த படிப்பை மூட்டை கட்டிவிட்டு, பிள்ளைகளை வளர்த்து, எமிரின் சுவர்ப் பூச்சு வேலைக்குப் பில் எழுதி, வரி கட்டி, வராத பாக்கிக்குப் போன் போட்டுக் கத்தி, இத்தனை வருஷம் சம்பளமில்லாமல் ஓடிவிட்டது.

எமிர் அடுக்களை மேசையில் சட்டத்தைக் கவிழ்த்தான். ஊர்ச் சுவரையெல்லாம் வழவழவென்று பூசுகிறவன். சொந்தக் கழிவறைச் சுவர் பொருக்குத் தட்டிக் கிடந்தது. கேட்டால் வருகிற சனிக்கிழமை என்பான்.

"கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. நீ தள்ளு, நான் எடுக்கறேன்."

"வேணாம் எமிர். கொஞ்சம் காயட்டும்."

"அட, சுரண்டுறதுதான நம்ம பொழப்பு!"

மெல்லிய தகட்டை உள்ளே விட்டான். சர்ரென்று ஒரு சத்தம். முத்திரையும் பதிவாளர் கையெழுத்தும் ஒரு துண்டாக வந்தன. பெயர் இருந்த பாகம் கண்ணாடியிலேயே நின்று, தொட்டதும் ஈரத் தவிடாக உதிர்ந்தது.

"ஐயையோ!" என்றான் எமிர்.

நெரிஸ் அந்தத் துண்டை வாங்கி மேசையில் விரித்து வைத்தாள். கத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. காலையில் மேலாளர் கெதின் போனில் சொன்னது காதிலேயே நின்றது. "நெரிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்குள்ள நீங்க விண்ணப்பம் அனுப்பலைன்னா அடுத்த ஆளக் கூப்பிடச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணுமில்ல." வெள்ளிக்கிழமை மத்தியானம் தாண்டிவிட்டது.

"விடு கண்ணு," என்றான் எமிர். "இந்த வயசுல சேத்துல நின்னு எவன் எவனையோ வெரட்டணும்னு என்ன தலையெழுத்து? வீட்டுலயே இருக்கலாம்ல?"

அந்தப் பேச்சுத்தான் அவளை எழுப்பியது. படித்த பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கையெல்லாம் பூஞ்சை, அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். எமிர் கெட்டில் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர்ப் பையைத் தேடினான். இத்தனை வருஷமாகியும் எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. நெரிஸ் விஷயத்தைச் சொன்னாள். "புதுச் சான்றிதழ் வர சில வாரம் ஆகும் மேடம்," என்றது குரல். நெரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆனா பட்டம் வாங்குனத உறுதிப்படுத்தி ஒரு கடிதம் இப்பவே மின்னஞ்சல்ல அனுப்பலாம். கார்டுக்காரங்க அத ஏத்துக்கறாங்க, போன வாரம்கூட ஒருத்தருக்கு அனுப்புனேன். கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பேரு?"

"நெரிஸ் பெவன்."

கார்டு விண்ணப்பத்தோடு கல்யாணப் பத்திரத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னாள் அந்தப் பெண், பிறந்த தேதி கேட்டாள், பிறகு விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆ, இருக்கீங்க! நெரிஸ் பெவன், கட்டட அளவாய்வு. அடேங்கப்பா, முதல் வகுப்பு! அந்த வருஷம் உங்க துறையில நீங்க ஒருத்தர்தான் மேடம். வாழ்த்துகள்!"

பழக்கத்தில் சொல்லியிருப்பாள் அந்தப் பெண். ஆனால் அந்த வார்த்தையை நெரிஸிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நன்றி என்று சொல்ல வாயெடுத்தவள் தேம்பிவிட்டாள்.

போனை வைத்ததும் எமிர், "முதல் வகுப்பா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே," என்றான். நிஜமாகவே ஆச்சரியம் அவன் முகத்தில்.

"அதுல எழுதியிருந்துச்சே எமிர். தெனமும் அதுக்கு எதிர்லதான உக்காந்த."

"நான் என்னத்தக் கண்டேன்? கண்ணாடி போட்டுக்கிட்டா அங்க போவாங்க?"

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவளும் சிரிப்பாள் என்று பார்த்தான். நெரிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்கூட வரவில்லை. அலுப்புத்தான் வந்தது, எலும்புவரை போன அலுப்பு. அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது, கோப்பைகளை எடுக்கத் திரும்பினான்.

மின்னஞ்சல் வந்தது. கடிதத்தையும் கல்யாணப் பத்திரத்தையும் விண்ணப்பத்தில் சேர்த்தாள், பெயரை இரண்டு தரம் படித்துப் பார்த்து அனுப்பினாள். கெதினுக்கும் ஒரு வரி தட்டினாள். "சரி, திங்கக்கிழமை பாப்போம்," என்று உடனே பதில் வந்தது.

எமிர் தேநீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"அப்போ திங்கக்கிழமைலேர்ந்து என் பில்லெல்லாம் யாரு எழுதுவா?"

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு நீயே எழுது," என்றாள் நெரிஸ்.