டாய் என்றால் மயக்கம்

வேதத்துக்காகச் செத்து வேதசாட்சியாகி இருபத்தாறு வருஷம் கழித்து, என் தாய்மாமன் டோபிரிட் கொப்பரைப் படகில் வந்து இறங்கினார். கையில் ஒரு தகரப்பெட்டி.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“பேய் இல்லக்கா. பசிக்குது.”

தேங்காய்ப்பாலில் வெந்த வாழைக்காயை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் கேட்டார். “நம்ம வீடு எங்கே?”

வீடு இருந்த இடத்தில் கோவில் இருந்தது. உள்ளே ஒரு சுரூபம்: சிவந்த கன்னம், கூரான மூக்கு, பட்டாளத் தொப்பி.

“யாருக்கா இது?”

“நீதாண்டா.”

“மூக்கு யாரோடது?”

ஜப்பான்காரர்கள் எங்கள் தீவின் துறைமுகமான ராபாவுலைப் பிடித்தபோது மாமாவுக்குப் பத்தொன்பது வயது. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்து நாலு மாதம். கழுத்து ஜபமாலையைக் கழற்றச் சொன்னார்கள். அவர் கழற்றவில்லை.

“முடிச்சு அவிழலம்மா, வேற ஒண்ணும் இல்ல,” என்றார் என்னிடம்.

அதிகாரி கத்தியை ஓங்கினான். மாமா மயங்கி விழுந்தார். அவன் சிரித்துவிட்டு அவரைச் சுமைக்கூலிகளோடு கப்பலில் ஏற்றினான்.

புதருக்குள்ளிருந்து இதைப் பார்த்தவர் ஒரே ஒருவர், டோமரும் என்ற பெயருள்ள ஊர்க்காரர். சண்டை முடிந்து வந்த புதுச் சாமியாரிடம் “டாய்” என்று சொன்னார். எங்கள் ஊர்க் கலப்பு மொழியான பிஜினில் டாய் என்றால் மயங்கி விழுந்தான். செத்தான் என்றால் ‘டாய் பினிஸ்’ என்று முடிக்க வேண்டும். சாமியார் பிஜின் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கண்ணீரோடு எழுதிக்கொண்டார். டோமரும் உபதேசியார் ஆனார். எங்கள் ஊரில் நிலம் பெண்கள் வழியில் வரும். அம்மா தம்பியின் ஆத்துமாவுக்காக வீட்டு மனையைக் கோவிலுக்குக் கொடுத்தாள்.

கத்தியைப் பார்த்து மயங்கியவன் எந்த முகத்தோடு ஊருக்கு வருவது என்று மாமா கப்பல் கொண்டுபோய் விட்ட போகன்வில் தீவிலேயே தங்கிவிட்டார். மனைவி காலமான பிறகு, தன் அம்மா வழி மண்ணில் ஒரு குடிசை போட்டுச் சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

மூவரும் சாமியாரிடம் போனோம். உபதேசியாரும் இருந்தார். மாமாவைக் கண்டதும் வாயிலிருந்த பாக்கை விழுங்கிவிட்டார்.

“டோமரும், அன்னைக்கு என்ன சொன்னே?” என்றார் சாமியார்.

“டாய்னு சொன்னேன் சாமி.”

“பினிஸ்?”

“அதுக்குள்ள நீங்க முழங்கால் போட்டுட்டீங்க.”

“இத்தனை வருஷத்துல சொல்றதுக்கு என்ன?”

“சுரூபம் வந்துடுச்சே சாமி.”

சாமியார் கண்ணாடியைத் துடைத்தார். வேதசாட்சிப் பட்டத்துக்கான காகிதங்கள் ரோமுக்குப் போய்விட்டன என்றார். “நிலம் வேதசாட்சி பேர்ல கொடுத்தது. யாரோ வந்து கேட்டாத் தர முடியாது.”

“யாரோவா?” என்றாள் அம்மா. “நான் இடுப்புல சுமந்த பய.”

மாமா தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டார். படகு இன்னும் போயிருக்கவில்லை.

நான் மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். பெரியவர்கள் முன்னால் பேசியதில்லை. குரல் எனக்கே கேட்காத மாதிரி வந்தது.

“வேதசாட்சி பேர்ல கொடுத்தது, வேதசாட்சிதான் கேக்கறார். குடுத்துடுங்க சாமி.”

கோவிலுக்குப் பின்னால் ஒரு குடிசை போட இடம் கிடைத்தது. ஒரு நிபந்தனை: வேதசாட்சித் திருவிழா அன்று மாமா மீன் பிடிக்கப் போய்விட வேண்டும்.

வருஷா வருஷம் ஒழுங்காகப் போவார். சாயந்திரம் வந்து பன்றிக்கறியில் தன் பங்கை வாங்கிக்கொள்வார்.

இந்த வருஷம் கடலில் அலை. மத்தியானமே திரும்பிவிட்டார். கூட்டத்தோடு கோவிலுக்குள் நுழைந்து, சுரூபத்தின் முன்னால் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியூர்க் கிழவி ஒருத்தி மெழுகுவத்தியோடு அவர் முதுகில் இடித்தாள்.

“கொஞ்சம் நவுருய்யா. வேதசாட்சி தெரியல.”

மாமா நகர்ந்துகொண்டார்.