தோகே வரைக்கும்

பாலா ரம்பத்தை மலையடிவாரத்தில் வைத்துவிட்டான். ஒரே ஓர் இழுப்புதான், வெள்ளைப் பொடி தரையில் கொட்டியது.

“கையை எடுங்க தம்பி,” என்றாள் ஜெயபாரதி. கஞ்சிக் கிண்ணத்தை ஆக்ஸிஜன் மெஷின் மேலேயே டக்கென்று வைத்தாள். “எடுங்கன்னு சொல்றேன்ல.”

“அண்ணி, சொன்னாக் கேளுங். கட்டிலு, மெஷினு, இந்த மலை, எல்லாம் இருந்தா ஸ்ட்ரெச்சர் எப்படித் திரும்பும்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா…”

“ஆகறப்பப் பாத்துக்கலாம்.”

பாலா சேதுமாதவனின் தம்பி. இனி ஒன்றும் செய்வதற்கில்லை, அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதைக் கேட்டதும் ஓமானின் சோஹாரிலிருந்து பார்டர் தாண்டி வண்டியை விரட்டிக்கொண்டு வந்தவன். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. பர் துபாயில் ஒரே பெட்ரூம் உள்ள ஃபிளாட். ஹாலில் பாதி, அண்ணன் கட்டிய பொம்மை ரயில் மலை. சோபா வாங்கலாம், சோபா வாங்கலாம் என்று கேட்டுக் கேட்டு ஜெயபாரதிக்கு வாய்தான் வலித்தது.

அது ஜப்பான் மலை. பெயர் ஓவு. “மலையே கொட்டாவி விடற மாதிரி என்னங்க பேரு இது?” என்று முதல் நாளே கேட்டாள். பெரிய தீவின் வடபாதிக்கு முதுகுத்தண்டு போல நீளமாகக் கிடக்கிற மலைத்தொடர், மேற்குச் சரிவில் ஆள் முங்கும் பனி. அதைத் தாண்டி ரயில் விட்டார்கள், நூறு வருஷத்துக்கும் முன்னால். சரிவில் நின்ற ரயில் மறுபடி கிளம்ப முடியாது. அதனால் ஸ்டேஷன்களை ஓரமாகச் சமதரையில் கட்டினார்கள். ரயில் உள்ளே போய் நிற்கும். புறப்படும்போது பின்னாலேயே வந்து எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கும். அங்கே தம் பிடித்து முன்னால் ஏறும். அடுத்தடுத்து நாலு ஸ்டேஷனிலும் இதே கூத்து. புல்லட் ரயில் வந்தபோது ஜப்பான்காரன் அதையெல்லாம் எடுத்துவிட்டான். சேதுமாதவன் எடுக்கவில்லை.

அவர் ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் ஃபாக்டரியில் அச்சு வார்க்கும் பிரிவில் இருந்தார். மெஷின் மாட்ட வந்த ஜப்பான்காரர் விட்டுப்போன காலண்டரில் அந்தப் பாதையைப் பார்த்தார், அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. உடைந்த அச்சுகளின் பிளாஸ்டரைப் பை பையாகக் கொண்டுவந்து மலையை எழுப்பினார். பனியும் அதே பிளாஸ்டர்தான்.

“மேட்டுப்பாளையத்துல பொறந்துட்டு ஊட்டி ரயிலைச் செய்யலாமல்லங்க?” என்று ஒருதரம் கேட்டாள்.

“அது பல்லுச்சக்கரத்தால ஏறுது புள்ள. இது புத்தியால ஏறுது.”

ஏறினால்தானே! இரண்டாவது ஸ்டேஷன் இத்தயா. அங்கே பின்னால் வந்து ஒதுங்கிய இடத்திலேயே ரயில் செத்துவிடும். மோட்டாரை மாற்றினார், ஒயரை மாற்றினார், டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஆள்காட்டி விரலால் ஒரு தள்ளு. உடனே குடுகுடுவென்று உச்சி ஸ்டேஷனுக்கு ஓடிவிடும். அந்த ஸ்டேஷன் பெயர் தோகே. அப்படியென்றால் கணவாய். ‘மலை, மேலே, கீழே, மூணையும் சேர்த்து ஒரே எழுத்தா எழுதியிருக்கான் பாரு’ என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். “விரல் படாம ஒருதரம் தோகே வரைக்கும் ஏறட்டும். அப்புறம் எமன் வந்தாக்கூட ஜன்னல் சீட்டுக் குடுப்பேன்.”

எமன் வந்துவிட்டான். ரயில்தான் ஏறவில்லை. ஹாலில் போட்ட கட்டிலில் கண் பாதி மூடிக் கிடந்தவரின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் போர்வையின்மேல் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஜெயபாரதி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இத்தனை பாடுபட்ட மனுஷனுக்கு இது ஒன்றைக் கொடுத்தால் சாமிக்கு என்ன குறைந்துவிடும்?

கொட்டிய பொடியைத் துடைக்கக் குனிந்தாள். கண் இத்தயாவுக்கு நேராக வந்தது. தண்டவாளம் பிரிகிற இடத்தில், ரயிலைத் தடம் மாற்ற அசைகிற நாக்கின் ஓரத்தில், மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கட்டிப்போயிருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

“அடப் பாவி மனுஷா! சந்தனம்!”

ஆயுத பூஜைக்கு ஃபிரிட்ஜ், மிக்ஸி, கார் என்று ஒன்று விடாமல் பொட்டு வைக்கிறவர் இந்த நாக்குக்கும் வைத்திருக்கிறார். ரயில் நிற்க நிற்க, பிரச்சினை பண்ணுகிற இடமாயிற்றே என்று வருஷா வருஷம் இங்கே மட்டும் பெரிய பொட்டு. அதன்மேல் குங்குமம். எதையெல்லாமோ கழற்றிப் பார்த்த மனுஷன் சாமிக்கு வைத்ததைச் சந்தேகப்படுவாரா?

“தம்பி, இங்க பாருங். நாக்கு தண்டவாளத்தைத் தொடவே இல்லை. தொட்டாத்தான கரண்ட்டுன்னு உங்கண்ணன் எத்தனை தடவை கத்தியிருக்காரு!”

பாலா ரம்பத்தைக் கீழே வைத்தான். ஜெயபாரதி தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். முனையை விட்டுச் சுரண்டினாள். பொருக்குப் பொருக்காக வந்தது. உள்ளே செம்பு மின்னியது.

“ரக்ஷிதா, சுவிட்சைப் போடு. தம்பி, நீங்க அந்தக் கம்பியை இழுத்து நாக்கைத் திருப்பணும். நான் சொல்றப்ப. யாரும் ரயிலைத் தொடக்கூடாது, சொல்லிப்புட்டேன்.”

மகள் சுவிட்சைப் போட்டாள். ரயில் கிளம்பியது. முதல் ஸ்டேஷன் போனது. இத்தயாவுக்குள் போய் நின்றது. “பின்னாடி,” என்றாள் ஜெயபாரதி. பின்னால் வந்தது. எப்போதும் சாகிற இடத்தில் ஒதுங்கி நின்றது.

“திருப்புங்க. இப்ப முன்னாடி.”

எஞ்சின் ஒருமுறை முனகியது. பிறகு ஏறியது! தண்டவாளத்தை மூடிய பனிக்கூரைக்குள் நுழைந்து, வளைந்து, வெளியே வந்து, மேலே, இன்னும் மேலே போய்த் தோகேயில் தானாக நின்றது. “அப்பா, லுக்! லுக்!” என்று ரக்ஷிதா குதித்தாள். பாலா விரலை மடித்து வாயில் வைத்து ஊருக்கே கேட்கிற மாதிரி விசில் அடித்தான். எதிர் ஃபிளாட் ரஹீமா பீவி என்னமோ ஏதோவென்று ஓடிவந்து, விஷயம் தெரியாமலேயே கை தட்டினார்.

சேதுமாதவனின் கண் முழுசாகத் திறந்திருந்தது. விரல் நின்றுவிட்டது.

“யாரு… தள்ளுனது?”

“யாரும் தள்ளலைங்க. அதுவாத்தான் ஏறுச்சு.”

“என்ன… கோளாறு?”

“நீங்க வெச்ச சந்தனங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சு குலுங்கியது, குழாய் நழுவியது. ஜெயபாரதி குழாயைச் சரிசெய்தபடியே தானும் சிரித்தாள், கண்ணில் நீர் கொட்ட. “இன்னொருக்கா,” என்றார். இன்னொருக்கா விட்டார்கள். அப்புறமும் விட்டார்கள். மதியத்தில் ரயில் தோகேயில் நின்றிருந்தபோது மூச்சு அடங்கியது. உதட்டில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வீட்டில் நடந்த சாவு என்பதால் போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு பேர் அவரை ஏற்றிக் கட்டினார்கள். வாசலுக்கும் மலைக்கும் நடுவில் வந்ததும் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. பாலா சொன்னபடியேதான்.

“மேடம், யே டேபிள் ஹடாவோ,” என்றார் ஒருவர், மலையை நகர்த்தச் சொல்லி.

“நை பாய், நை!” பாலா மலைக்கு முன்னால் கையை விரித்து நின்றான். “அதை மட்டும் தொடாதீங்க.” பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தான். “ஆனா எப்படிங்க அண்ணி?”

ஜெயபாரதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஹாலைப் பார்த்தாள், பெட்ரூமைப் பார்த்தாள். போய்ப் பெட்ரூம் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

“பாய், பீச்சே. பின்னாடி வாங்க. இன்னும், இன்னும். உள்ள இருக்கற கட்டில் ஓரமா விடுங்க.”

ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே வந்து பெட்ரூமுக்குள் ஒதுங்கியது. கால் பக்கம் வாசலுக்கு நேராக வந்தது.

“பஸ், போதும். இப்பத் திருப்புங்க.” அவள் குரல் கணீரென்று இருந்தது. “யல்லா, முன்னாடி!”

சேதுமாதவன் எங்கும் இடிக்காமல் வாசலைத் தாண்டிப் போனார். மலையில் ஒரு சிட்டிகைப் பனிகூட உதிரவில்லை.