நாலாவது கேள்வி

நடந்தது மார்ச் மாதத்து ஞாயிறா, ஏப்ரல் மாதத்து ஞாயிறா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெயில் அடித்தது நினைவிருக்கிறது. ஆனால் பெங்களூரில் இப்போதெல்லாம் வெயில் பிப்ரவரியிலேயே வந்துவிடுகிறது; அதை வைத்து மாதத்தைப் பிடிக்க முடியாது. பேசிய பேச்சிலும் பாதி பாஞ்சாலி சொல்லிக் கேட்டது. மீதியில் என் கைச்சரக்கும் கலந்திருக்கலாம். கேள்வித்தாளில் நாலாவது கேள்வி கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

அடித்தவள் பாஞ்சாலி.

அவளுக்கு அப்போது வயது அறுபத்தொன்று. பெங்களூர் ஜோகுபாளையத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அங்கேயே இருப்பவள். கன்னடப் படங்களில் நடிக்க வெளியூரிலிருந்து வரும் கதாநாயகிகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். படப்பிடிப்புகளில் அவளை ‘டயலாக் மேடம்’ என்பார்கள். ‘ள’வை ‘ல’ என்று சொன்ன ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பதினேழு முறை திரும்பச் சொல்லவைத்தவள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, பிரகாஷ் என்கிற தயாரிப்பாளரின் புதுப் படத்தில் அவள் வேலை தொடங்குவதாக இருந்தது.

அவளைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் இயக்குநர் கிருஷ்ணப்பா. அவரும் அதே ஜோகுபாளையம்தான், இரண்டு தெரு தள்ளி; தமிழும் நன்றாகப் பேசுவார். பதினொரு படம் எடுத்தவர். பேட்டி என்றால் மட்டும் ஆளே மாறிவிடுவார். ஒரு தொலைக்காட்சிக்காரர், படத்தை ஒரு வரியில் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, “ஒரு வரியில சொல்ல முடிஞ்சா பதினாலு ரீல் எதுக்கு எடுக்கறேன்? வரியை எழுதி தியேட்டர் வாசல்ல மாட்டியிருப்பேன்ல” என்றார். படம் பார்த்தவனுக்குப் பேட்டி தேவையில்லை, பார்க்காதவனுக்குப் பேட்டி எதற்கு என்பது அவர் கட்சி.

அதிலும் ஒரு கேள்வி வந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார். அவருடைய முதல் படத்தில் ஒரு விசேஷம் இருந்தது. யாரிடம் என்ன கேட்டாலும் பதில் உடனே வராது. ஒரு மௌனம் விழும். அந்த நேரத்தில் திரையில் ஒரு முகம் மட்டும் இருக்கும். பிறகுதான் பதில். அந்த மௌனத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்கள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்தார்கள். மௌனம் எப்படிப் பிறந்தது என்று அவரிடம் கேட்டவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது காலி நாற்காலிதான். திமிர் பிடித்த மனுஷன் என்று பெயர் வாங்கினார்.

முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படத்தைச் சுத்தம் செய்து புதுப்பித்திருந்தார்கள். அல்சூர் ஏரிப் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தில் அதைத் திரையிட்டு, பிறகு மேடையில் இயக்குநருடன் ஒரு உரையாடல் வைக்கலாம் என்று சங்கத்துச் செயலாளர் ரகு ஏற்பாடு செய்தார். கேள்வி கேட்கப்போவது கிருத்திகா. ஈரோட்டிலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவள், சினிமாவைப் பற்றி எழுதுகிறவள். கிருஷ்ணப்பா எப்படியோ சம்மதித்தார். கேள்விகளை நம்பர் போட்டு ஒரு தாளில் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், தாளில் இல்லாததைக் கேட்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை.

ரகு அந்தத் தாளை முதலில் பாஞ்சாலியிடம் கொடுத்தார். சாரின் கோபம் தெரிந்தவள் ஒருமுறை பார்த்துக்கொடுத்தால் நல்லது என்றார். அவள் பார்த்தாள். நாலாவது கேள்வி மௌனத்தைப் பற்றியது.

அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவள் அத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் குரல் பதிவாகாது. வசனத்தை டப்பிங்கில் சேர்ப்பார்கள். நடிகர்களுக்கு வசனம் மறக்காமல் இருக்க, காமிராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வரி வரியாக உரக்கப் படிப்பார்; ப்ராம்ப்ட் பண்ணுவது என்பார்கள். அவர் படிக்கப் படிக்க நடிகர் திருப்பிச் சொல்வார். முதல் படத்தில் அந்த வேலை செய்தவர் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். உடைகளை இஸ்திரி போட வந்திருந்த பாஞ்சாலியிடம், கன்னடம் படிக்க வருமா என்று கேட்டார்கள். அவளுக்குத் தெருக் கன்னடம் தண்ணீர் மாதிரி வரும். ஆனால் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். கன்னட எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. “வரும் சார்” என்றாள்.

தினம் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரை வசனத்தைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தாள். ஆனால் கிருஷ்ணப்பாவுக்கு ஒரு பழக்கம். ஷாட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வசனத்தை மாற்றி எழுதி, தாளை நீட்டிவிடுவார். லைட் போடுகிறவர் யாரையாவது ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்து நிற்பாள். ஒவ்வொரு வரியையும் ஞாபகத்திலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. அவள் பிடுங்குகிற வரைக்கும் நடிகர்கள் காத்திருந்தார்கள். அதுதான் அந்த மௌனம்.

படம் முடிந்த வருஷமே ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் வாங்கி எழுத்துக் கற்றுக்கொண்டாள். ஆனால் முதல் பொய் அப்படியே உள்ளே கிடந்தது. கன்னடம் சொல்லித்தருகிற தமிழ்ப் பெண்மணிக்கு ஆரம்பத்தில் கன்னடம் படிக்கவே தெரியாது என்று ஊர் பேசினால், பதினேழு முறை சொல்லவைத்த பெயர் என்னவாகும்? திங்கட்கிழமை வேலை என்னவாகும்? அவள் பேனாவை எடுத்து நாலாவது கேள்வியை அடித்தாள். கிருத்திகாவுக்குப் போன் செய்து, அந்தக் கேள்வி சாருக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிடுங்கள் என்றாள். அடித்த தாளையே ரகு கிருஷ்ணப்பாவிடம் சேர்த்தார்; அவர் அதைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் அரங்கம் நிறைந்திருந்தது. பாஞ்சாலி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் தயாரிப்பாளர் பிரகாஷ் இருந்ததைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். படம் ஓடியபோது அவள் திரையைப் பார்க்கவில்லை. மௌனம் விழுகிற இடமெல்லாம் அவளுக்குக் காதிலேயே தெரிந்தது.

பேட்டி தொடங்கியது. மூன்றாவது கேள்வி, படத்தின் இயற்கையான ஒளியைப் பற்றி. “ஜெனரேட்டர் ரிப்பேர். வெயில்ல எடுத்தோம்” என்றார் கிருஷ்ணப்பா. சிரிப்பு எழுந்தது. கிருத்திகா ஐந்தாவதைத் தொடங்கினாள்.

“இரும்மா. மூணுக்கப்புறம் அஞ்சா? நாலு எங்க?”

“நீங்கதானே சார் வேணாம்னீங்க. பாஞ்சாலி மேடம் போன் பண்ணாங்களே.”

கிருஷ்ணப்பா பையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தார். கறுப்புக் கோட்டைப் பார்த்தார். முதல் வரிசையைப் பார்த்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்று ரகு மேடையோரம் வந்து நின்றார். அவர் எழவில்லை.

“கேளு” என்றார்.

அவள் கேட்டாள்.

“அது நான் செஞ்சது இல்ல. ப்ராம்ப்ட் பண்ண ஆளு நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாங்க. நடிகன் அந்த வாயைப் பார்த்துட்டு நிப்பான். எடிட்டிங்ல வெட்டிப் பார்த்தேன். வெட்டினா பதில் சட்டுனு வருது, பொய் சொல்ற மாதிரி இருக்குது. நிக்கறப்போதான் அவன் மூஞ்சி நெஜமாவே யோசிக்குது. விட்டுட்டேன். வெட்டாம விட்டதுதான் என் வேலை, அவ்ளோதான்.”

“அவங்க ஏன் சார் நிறுத்தி நிறுத்திச் சொன்னாங்க?”

“இதுக்குத்தான் நான் எந்திரிச்சுப் போறது. பொய் சொல்ல எனக்கு வராது. நெஜம் என்னுது இல்ல. அந்த ஆளு சொன்னாத்தான் உண்டு. சொல்லலைன்னா அஞ்சாவதுக்குப் போ.”

சொல்லிவிட்டு அவர் கூரையைப் பார்த்தார். முதல் வரிசைப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

பாஞ்சாலி மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் தெரியும், எப்போதிலிருந்தோ தெரியும். அவர் எழுந்து போன நாற்காலிகளை எல்லாம் அவள் எண்ணிப் பார்த்தாள். திமிர் என்று எழுதினார்களே, அதையும் எண்ணினாள். பேசாமல் இருந்தால் கிருத்திகா அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். பத்து விநாடி போதும். இத்தனை வருஷம் போனதுபோல் அதுவும் போய்விடும்.

அவள் எழுந்தாள். ரகு மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“ப்ராம்ப்ட் பண்ணது நான்தான். எனக்கு அப்போ கன்னடம் படிக்க வராதுங்க. ஒரு எழுத்துகூட. வரும்னு பொய் சொல்லிட்டேன்.”

மீதியையும் சொன்னாள். இஸ்திரிப் பெட்டி, மனப்பாடம், லைட்காரர் எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் உட்கார மறந்து நின்றாள்.

மேடையிலிருந்து கிருஷ்ணப்பா தொண்டையைச் செருமினார். படப்பிடிப்பின் ஒன்பதாம் நாள் அவர் வசனத்தை நடிகருக்கு வாய்விட்டுச் சொல்லிக்காட்டிவிட்டு, அவசரத்தில் வசனத் தாளுக்குப் பதிலாக மத்தியானச் சாப்பாட்டு லிஸ்டைப் பாஞ்சாலியிடம் கொடுத்துவிட்டாராம். “இந்தம்மா அதைக் கையில வெச்சுப் பார்த்துப் பார்த்து என் வசனத்தை அப்படியே சொல்லுது. பேப்பர்ல இருக்கறது சித்ரான்னமும் மொசரன்னமும். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.”

அரங்கம் சிரித்த சிரிப்பில் பாஞ்சாலியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த ஒன்பதாம் நாளுக்குப் பிறகு அவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால், யார் மீதோ எரிந்து விழுவதுபோல், வசனத்தை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுத்தான் தாளைக் கொடுத்தார். அது நடிகர்களுக்காக என்று அவள் நினைத்திருந்தாள்.

கூட்டம் கலையும்போது பிரகாஷ் வந்தார். அவள் தயாராக நின்றாள். அவர், புதுக் கதாநாயகிக்கும் கன்னடம் ஒரு எழுத்து வராது, அழுதுகொண்டிருக்கிறாள், நாளைக்கு முதலில் இந்தக் கதையை அவளிடம் சொல்லுங்கள், ஏழு மணிக்கு வண்டி வரும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாஞ்சாலி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது கிருஷ்ணப்பா சொன்னார்:

“முப்பத்தேழு வருஷமா தப்பான ஆளையே கேட்டுட்டு இருந்தானுங்க.”

“மன்னிச்சுக்குங்க சார். அடிச்சிருக்கக் கூடாது.”

“அடிச்சதுதான் அடிச்சே, எட்டாவதையும் சேர்த்து அடிச்சிருக்கலாமில்ல? இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்கன்னு கேக்குது அந்தப் பொண்ணு.”

“அப்போ என் காதுல எதுவுமே விழலை. நீங்க என்ன சார் சொன்னீங்க?”

“வீட்டுக்குப் போங்கன்னேன்.”

ஆட்டோ வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கிருஷ்ணப்பா யாருக்கும் பேட்டி கொடுக்கவில்லை. கண்புரை அறுவை செய்துகொண்டு ஜோகுபாளையத்தில் இருக்கிறார். கிருத்திகா அந்த உரையாடலைப் பிரசுரித்தாள். இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். ரகு அடுத்த தேர்தலிலும் செயலாளராக வந்தார். பிரகாஷின் படம் சுமாராக ஓடியது. அதன் கதாநாயகி தன் சொந்தக் குரலிலேயே டப்பிங் பேசினாள். பாஞ்சாலி இன்னும் வேலைக்குப் போகிறாள்.