ஒரு கொள்கலன் உள்ளி

மொன்ட்ரியாலில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோவிலின் கீழ்மண்டபத்தில் தேநீர் குடிப்பது அந்தப் பங்குச் சனங்களின் வழக்கம். யாராவது லூர்து, பாத்திமா என்று யாத்திரை போய் வந்தால், அடுத்த ஞாயிறு தேநீர் நேரத்தில் எழுந்து நின்று போய்வந்த கதையைச் சொல்ல வேண்டும், படங்களைக் காட்ட வேண்டும். சொல்லாமல் நழுவியவரை ஒரு மாதத்துக்கு நக்கலடித்தே கொன்றுவிடுவார்கள். 2005 ஐப்பசி முதல் ஞாயிறு கிறகரியின் முறை. அவர் போய் வந்தது சீனாவுக்கு.

"சீனாவில எந்த மாதா, கிறகரி?" என்று மாக்கிரட் அக்கா கேட்டார். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் கலியாணத்துக்கும் முதல்நன்மைக்கும் சமைத்துக் கொடுப்பவர் அவர்.

"உள்ளி மாதா," என்றான் றெனோல்ட். மண்டபமே சிரித்தது.

கிறகரியும் சிரித்தார். நகரத்துக்குத் தெற்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உள்ளி பயிரிடுகிறவர் அவர். ரசத்துக்குத் தட்டிப் போடும் அதே உள்ளிதான், வெள்ளைப்பூண்டு. இந்த நாட்டில் அதைப் பனி விழுமுன் நட வேண்டும். பல்லுப் பல்லாகப் பிரித்து ஐப்பசி நடுவில் மண்ணுக்குள் வைத்தால், பனிக்கடியில் வேர்விட்டுக் கிடந்து, வசந்தத்தில் தலை நீட்டி, ஆடிக் கடைசியில் கிண்டுவதற்கு முற்றியிருக்கும். ஆகவே அடுத்த வருடம் யார் வாங்குவார்கள் என்பது இந்த வருடமே தெரிந்தாக வேண்டும். குத்தகையைத் தொடர்வதா இல்லையா என்று நிலக்காரர் செவ்வாய்க்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். விளைச்சலில் பாதியை வாங்குகிறவன் மனைவி இமெல்டாவின் தம்பி றெனோல்ட். நகரத்தின் வில்லரேப் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். கால்வாசியை மாக்கிரட் அக்கா எடுப்பார். எழுத்தும் கையெழுத்தும் கிடையாது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி இரண்டு பேரும் "ஓம்" என்றால் போதும், அடுத்த வருடம் நிச்சயம்.

"ரெண்டு படத்தைக் காட்டிப்போட்டு நேரா விசயத்தைக் கேளுங்கோ," என்று இமெல்டா காரிலேயே சொல்லியிருந்தாள். "விளக்கம் சொல்லத் தொடங்கினா உங்களுக்கு நிப்பாட்டத் தெரியாது."

அவரும் மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். காய்கறிச் செய்கையாளர் சங்கமொன்று பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போய்ச் சீனாவைக் காட்டியது. அங்கே உள்ளி மலைமலையாகக் குவிந்திருக்கிறது. அப்படிப்பட்ட மலைக்கு முன்னால் எங்களைக் காப்பாற்ற உங்களால்தான் முடியும். இவ்வளவுதான் பேச்சு.

முதல் படத்தைத் தூக்கிக் காட்டினார். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மூன்று சில்லு வண்டிகள், வண்டி கொள்ளாமல் வலைப்பைகள்.

"இது சந்தை. ஒரு ஊர் முழுக்க இது ஒண்டுதான் வேலை. பஸ்ஸால இறங்கினவுடனே மூக்குச் சொல்லும்."

"எங்கட மாக்கிரட் அக்கான்ர குசினி மாதிரி," என்றான் றெனோல்ட்.

"வாயை மூடடா. சொல்லு கிறகரி."

இரண்டாவது படத்தில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து கத்தரிக்கோலால் உள்ளியின் வேரையும் தண்டையும் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கைகள் கிறகரியின் கண்ணுக்குள் திரும்பவும் ஓடத் தொடங்கின.

"வெட்டினதை ஓட்டை போட்ட பலகையில விடுவினம். ஓட்டைக்குள்ளால விழுந்தா சின்னன், நிண்டா பெரிசு. அஞ்சு சென்ரிமீற்றர் ஒரு பெட்டி, அஞ்சரை வேற பெட்டி. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு அளவு கேக்குமாம். உடைஞ்ச பல்லை எறியிறேல்லை, அது தூள் ஆலைக்குப் போகும். தோலைக் கூட்டிக் காளான் வளக்கிறவன் கொண்டுபோறான். வசந்தத்தில முறிக்கிற பூந்தண்டை மரக்கறியா விக்கினம். நாங்கள் வயலிலயே எறியிறமே, அது!"

சனங்கள் கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள். ஒரு நல்ல யந்திரத்தை நெருங்கிப் பார்த்த சிறுவனைப்போல் அவருடைய முகம் மலர்ந்தது. குளிர்க் கிடங்குகளைச் சொன்னார். ஆனியில் கிண்டிய உள்ளி அங்கே அடுத்த வைகாசி வரை உறங்கும் விதத்தைச் சொன்னார். பெட்டிகளைக் குளிர்க் கொள்கலனில் அடுக்கி, கப்பலில் வன்கூவருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ரெயிலில் ஏற்றினால் மொன்ட்ரியாலுக்கே வந்து இறங்கும் என்று விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டினார்.

"அங்கத்தைக் கமக்காரன் நல்லா உழைக்கிறானே?" என்று மாக்கிரட் அக்கா கேட்டார்.

கிறகரியின் விரல் நின்றது. "இல்லை, அக்கா. ஒருத்தனோட கதைச்சனான். ஒரு ஏக்கர்கூட இல்லை. எனக்கு மூண்டு ஏக்கர் எண்டவுடனே எழும்பி நிண்டு கை குடுத்தான், நான் பெரிய பண்ணையார் எண்டு. வண்டியோட அஞ்சு நாள் றோட்டில நிக்கிறான். காலைமை ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. விலையை ஆர் வைக்கினம் எண்டு கேட்டன். தோளைக் குலுக்கினான். எனக்கும் அப்பிடித்தான் இருக்கு எண்டு சொன்னன். மொழிபெயர்க்கிற பிள்ளை அதைச் சொன்னாளோ தெரியாது."

இதுதான் நேரம் என்று இமெல்டா கண்ணைக் காட்டினாள். கிறகரி தொண்டையைச் செருமினார்.

"அத்தான்," றெனோல்ட் முந்திக்கொண்டான். "ஒரு கொள்கலனில எவ்வளவு பிடிக்கும்?"

"இருபத்தாறு தொன். என்ர தோட்டத்தின்ர மூண்டு வருச விளைச்சல்," என்றார் கிறகரி. பயமுறுத்துவதற்காக வைத்திருந்த கணக்கு அது.

றெனோல்ட் பயப்படவில்லை. பூசைப் பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் எழுதினான். "ரொறன்ரோவில ரெண்டு கடைக்காரர் சேருவினம். மாக்கிரட் அக்கா, உங்களுக்கும் உரிச்ச உள்ளியாவே எடுக்கலாம். நாலு பொம்பிளையளை வைச்சு உரிக்கிற வேலை மிச்சம்."

"உரிச்சே வருமோ?" மாக்கிரட் அக்கா கிறகரியைத்தான் கேட்டார்.

"வரும், அக்கா. காத்தை ஊதித் தோலைக் கழட்டிற மெசின் இருக்கு," என்றார். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பேந்தென்ன! வரி கிரி எல்லாம் தரகர் பாப்பார்," என்றான் றெனோல்ட்.

"றெனோல்ட்," இமெல்டா இடைமறித்தாள். "அப்ப அத்தான்ர உள்ளி?"

"ஐயோ அக்கா, நான் வேண்டாமெண்டே சொன்னன்? வீட்டுக்கு ஒரு பத்துக் கிலோ கட்டாயம் எடுப்பன். அத்தான்ர உள்ளியின்ர ருசி அதில வராது." அவன் மனமார்ந்துதான் சொன்னான். "அத்தான் போய்ப் பாத்துச் சொல்லாட்டி எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

கிறகரி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். விதைக்கென்று எடுத்து வைத்த பெரிய உள்ளிகள் வீட்டுக் கராஜில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து நடுவதா, சட்டிக்குப் போடுவதா என்பது முடிவாகிவிட்டது. ஒருவரும் அவரோடு கோபிக்கவில்லை, ஒருவரும் அவரை ஏமாற்றவில்லை. யாரைப் பிடித்துச் சண்டை போடுவது?

"எல்லாம் ஒரேயடியா விக்காதுதானே," றெனோல்ட் எழுதிக்கொண்டே சொன்னான். "இஞ்ச ஒரு குளிரறை வாடகைக்குப் பிடிக்கோணும். மரக்கறி வைக்கிறவங்களிட்ட இடமிருக்கு. நாலு பாகை. எங்கட ப்ரிட்ஜ் மாதிரி. அவ்வளவு குளிர் காணும், என்ன?"

இமெல்டாவின் செருப்பு மேசைக்கடியில் கிறகரியின் காலை அழுத்தியது. அவளுக்கும் தெரியும். பதினொரு வருடம் அவரோடு சேர்ந்து உள்ளி காய வைத்தவள். நாலு பாகையில் விட்டால் இரண்டு மாதத்தில் இருபத்தாறு தொன்னும் பச்சை முளை விட்டு உள்ளே சூம்பிப்போகும். இப்போது நட்டு வைத்தால், அடுத்த ஆடியில் றெனோல்ட் அத்தானைத் தேடி வர வேண்டியதுதான். கிறகரி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தேநீரைக் குடித்தாலே போதும்.

அவர் கோப்பையைத் தூக்கினார். ஆறியிருந்தது. ஒரு வாய் குடித்தார். றெனோல்ட் 'நாலு' என்று எழுதி அடிக்கோடு இழுத்தான். அந்த இலக்கம் பல்லிடுக்கில் சிக்கிய மீன்முள்ளைப்போல் அவரை அரித்தது. பெட்டி பெட்டியாக முளைத்த உள்ளி கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தப் பெண்கள் குந்தியிருந்து வெட்டியது. அந்த ஒரு ஏக்கர்க்காரன் ஐந்து நாள் காத்து நின்றது.

"நாலில்லை," என்றார். "மைனஸ் மூண்டு."

"உறைஞ்சு போகாதோ?"

"உறையாது, அதுக்குள்ள இனிப்பு இருக்கு. நாலு பாகையை அது வசந்தம் எண்டு நினைச்சு முளைக்கத் தொடங்கும். மைனஸ் மூண்டெண்டா மாரி எண்டு படுத்திடும்."

இமெல்டா காலை எடுத்துவிட்டாள். எழுந்து வெற்றுக் கோப்பைகளைச் சேர்க்கத் தொடங்கினாள்.

றெனோல்ட் நாலை வெட்டித் திருத்தினான். "எழுதிட்டன், அத்தான். வேற?"

"காத்துப் போக வழி வேணும்," என்றார் கிறகரி. குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது. "பெட்டியைச் சுவரோட முட்ட அடுக்கக் கூடாது. ஒரு சாண் விடோணும். தாளைத் தா, கீறிக் காட்டிறன்."