நாலு மணி நேர மீசை

மீசையைப் பணயம் வைத்தது அவராகத்தான். யாரும் கேட்கவில்லை. பேரிங் தொழிற்சாலையில் இருபது வருடமாக ஷிப்ட் சூப்பர்வைசர். வாய்க்கு மட்டும் ஷிப்ட் கிடையாது, மூன்று வேளையும் ஓடும். வெளியூரில் நடக்கிற முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருப்பதாக அவர் கேன்டீனில் சொன்னபோது, எதிரே இருந்த பாய்லர் ஆபரேட்டர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "நாப்பத்திரெண்டு கிலோமீட்டரா? ஓடியா, உருண்டா?"

"ஓடித்தான். அதுவும் நாலு மணி நேரத்துக்குள்ள. முடிக்கலேன்னா இந்த மீசையை எடுத்துடறேன்."

சொல்லியாயிற்று. மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவர் படம். கீழே 'நாலு மணி நேரம்' என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஒரு ரேசரையும் எந்தப் புண்ணியவானோ வரைந்திருந்தான். அதை எடுக்கச் சொல்ல அவர் மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆறு மாதம் பயிற்சி. கூட ஓடியவன் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ரிப்பேரான லிஃப்டைப் பார்க்கப் போகிறவனுக்குப் படிக்கட்டை விட்டால் வேறு கதி ஏது? பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று தினமும் ஏறி இறங்கி அவன் கால் இரண்டும் இரும்பாகியிருந்தன. அவன் பேசிக்கொண்டே ஓடுவான். இவர் மூச்சு விடுவதற்கே திண்டாடுவார். தலைகீழாக நின்றும் இவரால் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்க முடியவில்லை.

கடைசி மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாவது மாடியில் மச்சானுக்கு நெஞ்சைப் பிடித்தது. படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். டாக்டர் சில பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். ஓட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவன் மனைவி போகவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். சூப்பர்வைசர்தான் போய்ப் பேசினார்.

"நான் இருக்கேன்ல, தங்கச்சி. என் பக்கத்துலயே ஓடட்டும். என்னை விட மெதுவா யாராலயும் ஓட முடியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களை நம்பித்தான் அனுப்பறேன், அண்ணா" என்றாள். புருஷனுக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். ஓடும்போது போன் கையில் இருக்க வேண்டும், அவன் எங்கே போகிறான் என்பது அவளுடைய போனில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஓட்டத்தன்று விடிவதற்கு முன்பே விடுதி அறையில் இரண்டு பேரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கட்டில், புள்ளி விழுந்த ஒரு கண்ணாடி, மூடினாலும் சொட்டுகிற குழாய். சட்டையில் எண் தாளைக் குத்த ஆளுக்கு நாலு ஊக்கு. தாளில் ஒட்டியிருந்த மின்னணுச் சில்லு, அந்த எண்ணுக்கு உரியவர் எந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்டினார் என்று பதிவு செய்யும். பின்பக்கத்தில் பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எழுத இடம் விட்டிருந்தார்கள். காலிக் கட்டத்தைக் கண்டால் சூப்பர்வைசருக்குக் கை சும்மா இருக்காது. குண்டு குண்டான எழுத்தில் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார். "நான் என்ன விழவா போறேன்?" என்று மச்சான் தன்னுடையதை வெறுமனே விட்டிருந்தான்.

கண்ணாடி முன் நின்று மீசையைத் தடவிக்கொண்டே அவர் கேட்டார். மூன்று வாரமாக வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்த கேள்வி.

"மச்சான், என் நம்பரை நீ குத்திக்கிறியா?"

"எதுக்கு மாமா?"

"நீ நினைச்சா நாலு மணி நேரத்துல முடிச்சிடுவ. அது என் பேர்ல வந்துடும். உன் நம்பரை நான் போட்டுக்கறேன். உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு யாரு கேக்கப் போறா?"

மச்சான் கட்டிலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். "மீசைக்காகவா மாமா?" பிறகு கொஞ்சம் யோசித்தான். "அவ போன்ல பாத்துகிட்டே இருப்பாளே. வேகமா போனா கண்டுபிடிச்சுடுவா." அதற்கும் வழி சொன்னவன் அவனேதான். "என் போனையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. உங்க வேகத்தைப் பாத்துட்டு, நம்மாளு சொன்ன பேச்சைக் கேக்கறாருன்னு சந்தோஷப்படுவா."

"நெஞ்சு?"

கேட்டார். கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்ட லட்சணம் இருக்கிறதே, எங்கே இவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்து பயந்து கேட்டது.

"அதெல்லாம் வாயு மாமா."

வாயு என்றதும் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. தன் கையாலேயே அவன் சட்டையில் நாலு ஊக்கையும் குத்திவிட்டார். தாள் நேராக இருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தார்.

புறப்படும் இடத்தில் பல்லாயிரம் பேர். "முடியற இடத்துல பாப்போம் மாமா" என்று சொல்லிவிட்டு மச்சான் கூட்டத்துக்குள் புகுந்தான். அவன் முதுகு ஐந்து நிமிடத்துக்குள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

அவர் ஓடினார். பழக்கமில்லாத ஊர், பழக்கமில்லாத திருப்பங்கள். இழுத்து மூடிய கடைகள், ஒரு பாலம், பாலத்துக்கு அந்தப்புறம் பால்கனியில் துணி காயும் அடுக்குமாடிகள். பதினைந்தாவது கிலோமீட்டரில் முட்டி வலி எடுத்தது. இருபதில் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. கன்னத்தில் வியர்வை உப்பாய்க் காய்ந்திருந்தது. இடுப்புப் பையில் மச்சானின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். 'இப்படியே மெதுவா போங்க. நானும் அண்ணியும் பாத்துகிட்டே இருக்கோம்' என்று அவன் மனைவி அனுப்பியிருந்தாள். இரண்டு பெண்களும் காலையிலிருந்து இவர் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டு ஓடினார்.

இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேஜை. தரையெல்லாம் நசுங்கிய காகிதக் குவளைகள். ஓரமாக ஒரு இடத்தில் மட்டும் நிறையத் தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்று குவளையை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஒருத்தர் விழுந்துட்டாரு சார். நல்ல வேகமா வந்தவரு. ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிட்டாங்க."

"பயிற்சி இல்லாம வந்தா இப்படித்தான்" என்றார் சூப்பர்வைசர். சொல்லிவிட்டு அந்த ஈரத்தை மிதித்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கால் கொஞ்சம் லேசானது கூட உண்மை. எவனோ விழுந்துவிட்டான், தான் இன்னும் நிற்கிறோம் என்ற அற்ப சந்தோஷம். மச்சான் இந்நேரம் முப்பதைத் தாண்டியிருப்பான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். பாய்லர் ஆபரேட்டரின் மூஞ்சியை நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

முப்பதாவது கிலோமீட்டர் பலகை கண்ணில் பட்டபோது மச்சானின் போன் அடித்தது. திரையில் 'அக்கா'. மச்சானுக்கு அக்கா என்றால் இவர் மனைவி. தம்பியைக் கூப்பிடுகிறாள். எடுக்கலாமா வேண்டாமா என்று குழம்பிக் கடைசியில் எடுத்தார். ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"தம்பி, எங்கடா இருக்க? ஓடாதடா, நில்லுடா! உங்க மாமா நம்மளை விட்டுட்டுப் போயிட்டாருடா! ஆஸ்பத்திரிலேருந்து பேசினாங்க. ரோட்டுல விழுந்துட்டாராம், கொண்டு வரும்போதே உயிர் இல்லையாம். சட்டையில இருந்த தாளுக்குப் பின்னாடி அவரு பேரும் என் நம்பரும் எழுதியிருந்துச்சாம்டா..."

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நான் இங்கேதானே நிற்கிறேன் என்றுதான் தோன்றியது. கை தானாக மார்புக்குப் போனது. தாளின் கீழ் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அது மச்சானின் தாள். மிதித்து வந்த ஈரம் இன்னும் ஷூவில் காயவில்லை.

"பேசுடா! நீ போய் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுடா. அது உங்க மாமாவா இருக்காதுடா..."

பின்னாலிருந்து மச்சான் மனைவியின் குரல் கேட்டது. "அழாதீங்க அண்ணி. இவரு இருக்காருல்ல, எல்லாத்தையும் பாத்துப்பாரு. இதோ, முப்பதுகிட்ட வந்துட்டாரு, பாருங்க."

ஒரு வார்த்தை பேசினால் மனைவிக்குப் புருஷன் திரும்பக் கிடைப்பான். அதே வார்த்தையில் தம்பி போய்விடுவான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறவளும் சேர்ந்து போய்விடுவாள். போனை அணைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்ததற்காகச் செத்துப்போகலாம் போல இருந்தது.

"நான்தாம்மா" என்றார்.

"ஐயோ கடவுளே! நீங்களா? உயிரோட இருக்கீங்களா?" அழுகையும் சிரிப்பும் கலந்து அவள் கத்தினாள். "அண்ணாவா? அண்ணா நல்லா இருக்காரா?" என்று மற்றவளும் சேர்ந்து கத்தினாள். "நான் சொல்லலை அண்ணி, மாத்திச் சொல்லியிருப்பாங்கன்னு! எந்தப் பாவியோ தெரியலை, பாவம்." இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவது கேட்டது. வாய் ஓயாதவர் என்று பெயர் வாங்கிய மனிதர், அந்தச் சந்தோஷத்தை நிறுத்த ஒரு சொல் கிடைக்காமல் நடுரோட்டில் நின்றார்.

கடந்துபோன ஒருவன் தோளில் தட்டினான். "விட்டுடாதீங்க சார், இன்னும் பன்னெண்டுதான்."

மனைவியின் குரல் திடீரென்று இறங்கியது. "நான் தம்பிக்குத்தானே போட்டேன். அவன் போன் உங்க கையில எப்படி?"

அவர் மார்பிலிருந்த தாளைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஏங்க, தம்பி எங்க?"

அதற்குள், தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் மனைவி பேசினாள். அவளுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணி, அண்ணாகிட்ட கேளுங்களேன். இவரு ஏன் ரொம்ப நேரமா ஒரே இடத்துல நிக்கறாரு?"