டாக்டர் ஹார்வுட் எழுதிய ஜப்பானிய மனம்

பாஸ்டன் கடைகளில் ஜப்பானியரின் மனம் ஒன்றரை டாலருக்குக் கிடைத்தது. துணி அட்டை, தங்க எழுத்து, பேரம் கிடையாது. எழுதியவர் செகாவா யசுநோரி. பதினைந்து வருஷம் அங்கே இருந்து ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கியவர். தோக்கியோ திரும்பியதும் அந்தப் பெயர் செல்லாக்காசாகிவிட்டது.

அண்ணன் கென்பேய்க்கு ஆங்கிலம் தெரியாது. நெஞ்சு நோயில் படுத்த படுக்கை. வருஷம் தாண்டுவாரா என்பதில் வைத்தியரே இழுத்துப் பேசினார்.

“வெள்ளைக்காரனுக்கு அத்தனை சொன்னியே, எனக்கு நம்ம பாஷையில ஒரு வரி எழுதினியாடா?” என்று கேட்டுவிட்டு அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

யசுநோரி நான்கே மாதத்தில் புத்தகம் முழுவதையும் ஜப்பானிய மொழியில் எழுதி எடுத்துப்போனார். அண்ணன் தொடவில்லை. “அச்சுல வரட்டும். கையால எழுதினதெல்லாம் சலவைக் கணக்கு.”

மூன்று பதிப்பாளர்கள் வசந்தத்துக்குப் பிறகு வரச் சொன்னார்கள். நான்காமவர், காண்டா புத்தகத் தெருவின் ஒதகிரி, உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

“எழுத்து பிரமாதம், வாத்தியாரய்யா. ஆனா விக்காது.”

“ஏன்?”

“ஜப்பான்காரன் ஜப்பானைப் புகழ்றத ஊர்ப் பொதுக் குளியல் கூடத்துல ஓசியிலயே கேக்கலாமே! அதையே வெள்ளைக்காரன் சொன்னா காசு குடுத்துக் கேப்பான். டாக்டர் ஹார்வுட்னு ஒரு பேரு போட்டுருவோம். டிசம்பருக்குள்ள புத்தகம் கையில இருக்கும்.”

“அப்போ என் பேரு?”

“அதுதான் அமெரிக்காவுல நல்லா இருக்கே. இங்க எதுக்கு அதைக் கஷ்டப்படுத்தணும்?”

எழுத்து முதலில் அண்ணன் கைக்குப் போகட்டும், பெயரை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று யசுநோரி தலையாட்டினார். அந்த ஊர் வழக்கப்படி, விற்கும் ஒவ்வொரு பிரதியின் கடைசிப் பக்கத்திலும் ஆசிரியரின் முத்திரைச் சீட்டு ஒட்டவேண்டும். ஹார்வுட் பெயரில் மரமுத்திரை வெட்டச்செய்து, ஆயிரம் சீட்டில் தன் கையாலேயே குத்திக்கொடுத்தார்.

அச்சாகி வந்த புத்தகத்தை அண்ணன் மூன்று நாளில் முடித்தார். கண்கள் சிவந்திருந்தன.

“பாருடா! நம்ம அம்மா அழுகைய அடக்கிக்கிட்டுச் சிரிப்பாளே, அதைக்கூட எழுதியிருக்கான். எங்கேயோ பொறந்த மனுஷன்!”

“அண்ணா, அது நான் எழுதினது.”

கென்பேய் இருமல் வரும்வரை சிரித்தார். “மொழிபெயர்த்தேன்னு சொல்லு, நம்புறேன். ஆனா இந்த மனசு உனக்கு ஏதுடா? அப்பா சாவுக்கே வராதவன் நீ.”



டிசம்பர் முடிய மூன்று நாள் இருக்கும்போது அண்ணன் போய்விட்டார். மிகவும் பிடித்த பொருள் என்று அண்ணி அந்தப் புத்தகத்தைச் சவப்பெட்டிக்குள் அவரோடு வைத்தாள். அது அவரோடு சேர்ந்து எரிந்தது.

ஜனவரியில் இரண்டாம் அச்சு. ஒதகிரி இன்னும் இரண்டாயிரம் சீட்டு அனுப்பினார். யசுநோரி உட்கார்ந்து அத்தனையிலும் முத்திரை குத்தினார். ஆக, அண்ணனின் பாஷையில் ஹார்வுட் பெயர் மூவாயிரம். செகாவா யசுநோரி பெயர் ஒன்றே ஒன்று: சாவு வீட்டில் பணம் வைத்துக் கொடுத்த உறையின்மேல்.